மூன்று இரவு, லிஸ்பன்

எட்டு பன்னிரண்டு லோக்கலில்
ஜிடிபி நகரில் ஏறி
சிஎஸ்டி வரை லிஸ்பனில் நடக்கிறேன்,
கட்டைவிரலால்.
இடது கையில் மேல்கம்பி.
முதுகில் யாருடைய டிபன் டப்பாவோ.
வலது கையில் ஓர் ஏற்றத் தெரு.
வடாலா வருவதற்குள் பாதி மேடு ஏறிவிடலாம்,
மூச்சு வாங்காது.
காட்டன் கிரீனில் சிக்னல் போய்
ஒரு படிக்கட்டின் நடுவில் நிற்பேன்.

பக்கத்தில் நசுங்கும் பெண் எட்டிப் பார்க்கிறாள்.
எந்த ஏரியா? டெபாசிட் எவ்வளவு?
கொஞ்சம் தூரம், என்கிறேன்.
ஸ்டேஷன் பக்கமா?
டிராம் இருக்கிறது.
அப்படியானால் விடாதே, என்கிறாள்.

ஏன் லிஸ்பன் என்று மகள் கேட்டாள்.
பதினொரு வருடமாக அந்த ஊருக்கு
மிளகாய்த்தூள் அனுப்புகிறேன்.
கப்பல் ஆபீசில் என் மேசைமேல்
மாதம் நான்கு முறை அந்தப் பெயர்.
கண்டெய்னரிடம் யாரும்
எப்போது திரும்புவாய் என்று கேட்பதில்லை.

எபனேசர் மின்சார பில்லின் முதுகில் கணக்குப் போட்டார்.
முதலில் ஏழு நாள்.
மகளின் காலேஜ் பீஸ் வந்தது, ஐந்து.
சொசைட்டிக்காரர்கள் புதுத் தண்ணீர்த்தொட்டிக்கு
வீட்டுக்குப் பதினெட்டாயிரம் கேட்டார்கள்.
மூன்று.
மூன்று போதும், சின்ன ஊர்தான், என்றார்
தானே கட்டிய ஊர்போல.

ஆறு மாத வங்கிக் கணக்கு.
காதும் நெற்றியும் தெரியும் படம்.
மானேஜர் கையெழுத்திட்ட லீவு கடிதம்.
திரும்பி வருவீர்கள் என்பதற்கு ஆதாரம்.

இருபத்திமூன்று வருடமாக
ஒவ்வொரு சாயங்காலமும் திரும்பியிருக்கிறேன்.
சீசன் பாஸ்களை ஒரு பிஸ்கட் டின்னில்
ஏனென்று தெரியாமல் சேர்த்து வைத்திருக்கிறேன்.
இரண்டாயிரத்து ஐந்து ஜூலையில்
ரயில் நின்றுபோன இடத்திலிருந்து
இடுப்பளவுத் தண்ணீரில் செருப்பைக் கையில் பிடித்து
விடியற்காலை மூன்றரைக்குக் கதவைத் தட்டினேன்.
அதற்கு யாரிடம் முத்திரை வாங்குவது?

ராத்திரி சமையலறையில்
போன் போர்ச்சுகீசு சொல்லித் தருகிறது.
ஜனேலா, என்கிறது.
ஜன்னல்.
ஷாவ்.
சாவி.
மேசா. துவால்யா.
எபனேசர் வெங்காயம் உரிப்பதை நிறுத்தினார்.
இதெல்லாம் நம்மகிட்ட வாங்கிட்டுப் போனதா?
இல்லை, வச்சிட்டுப் போனது.
அப்போ திருப்பிக் கொடுக்கத்தான் போறோம்,
அதை எழுதிக் குடு விசாவுக்கு.

அறைக்குள் போய்விட்டால் கவலையில்லை,
பாதிப் பொருளுக்குப் பெயர் தெரியும்.
தெருவில்தான் ஊமையாக நிற்போம்.

அந்தத் தெருவில் நாற்பத்தொன்றாம் எண் வீடு.
வாசலில் நீல வாளியோடு ஒரு பெண்.
முகத்தை அழித்திருக்கிறார்கள்.
எத்தனை காலையாய்ப் பார்க்கிறேன்,
வாளியைக் கீழே வைக்கமாட்டேன் என்கிறாள்.
உள்ளே போகப் போகிறாளா, கொட்டப் போகிறாளா
மூன்று நாளில் எப்படித் தெரியும்?

நேற்று எபனேசர் வரைபடத்தை உருட்டி
எங்கள் தெருவில் கொண்டுவந்து நிறுத்தினார்.
தண்ணீர் லாரி. இஸ்திரி வண்டி.
நைட்டிமேல் துப்பட்டா போட்டு
பால் பாக்கெட்டோடு ஒருத்தி.
முகம் இல்லை.
துப்பட்டாவை வைத்துத்தான் கண்டுபிடித்தேன்,
போன மழைக்கு முன்பே அது தரைத் துணியாகிவிட்டது.

இரண்டு பேரும் கொஞ்ச நேரம் பேசவில்லை.
அங்கே எவளாவது டிராமில் தொங்கிக்கொண்டு
தினமும் இந்தத் தெருவுக்கு வந்து
நான் நகர்வதற்காக நிற்கிறாளோ என்னவோ.
நடுத்தெருவில் நிற்கிறாளே,
பின்னால் லாரி வருகிறது.

வியாழக்கிழமை பத்தேகாலுக்கு விசா ஆபீஸ்.
நீலச் சேலையை இஸ்திரிக்குக் கொடுத்திருக்கிறேன்.
காது தெரியக் கொண்டை போட வேண்டும்.