எடை மட்டும்

பரோயே தீவுகளின் தென்கோடியில்
இரவுப் பணி எனக்கு.
பக்கத்துக் கொட்டகையில் ஒரு சக்கரம்,
நிமிடத்துக்கு ஆயிரம் சுற்று.
எண்ணெய் குடிப்பதில்லை,
மின்சாரம் தருவதுமில்லை;
சுழலத் தேவையான கொஞ்சத்தையும்
எங்களிடமே வாங்கிக்கொள்ளும்.

"தண்டச்சோறு" என்று பெயர் வைத்தவன்
மீன் ஆலை ஸ்வைனுர்.
"அதற்குக் காவலிருக்கும் மார்யுனுக்கும் சம்பளமா?"
என்று சிரிப்பான்.

டீசல் எஞ்சின்கள் ஓடிய காலத்தில்
இரும்பு சுழன்றது, கனம் இருந்தது,
கனம் இருந்ததால் எதற்கும் அவசரமில்லை.
புகை போன பிறகுதான் தெரிந்தது
அதோடு இலவசமாய் ஒன்று
வந்துகொண்டிருந்ததென்று.

காற்றாலை அப்படியல்ல.
இறக்கைக்கும் கம்பிக்கும் நடுவே
ஒரு பெட்டி நின்று மொழிபெயர்க்கிறது.
ஐம்பது என்று யாராவது சொன்னால்
அதுவும் ஐம்பது என்னும்.
யாரும் சொல்லாவிட்டால்?

பிப்ரவரி பதினொன்று, மூன்றடித்துப் பத்து நிமிடம்.
காற்று நிற்கவில்லை. கூடிவிட்டது.
தாங்காதென்று ஆறு காற்றாலைகளும்
தாமாகவே இறக்கை திருப்பிக்கொண்டன,
ஒன்றன்பின் ஒன்றாக அல்ல,
ஒரே மூச்சில்.

திரையில் 50.00
49.81
49.52
கையில் ரொட்டித் துண்டு, வாய்க்குப் போகவில்லை.
கொட்டகையின் ரீங்காரம் ஓர் இழை இறங்கியதைக்
காதால் அல்ல,
நாற்காலியின் காலால் கேட்டேன்.
தண்டச்சோறு தன் வேகத்தை
அறுத்தறுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தது.
கொடுக்க வேறெதுவும் இல்லை அதனிடம்.

49.31
அங்கே நின்றது.
அதற்குள் பேட்டரி விழித்துக்கொண்டது;
மிச்சம் வைத்திருந்த ஒரே டீசல்
இருமிக்கொண்டே எழுந்து வந்தது.

பொரிப்பகத்தில் சால்மன் குஞ்சுகளுக்குக்
காற்றூதும் பம்புகள் நிற்கவில்லை.
ஒருவரும் தொலைபேசியில் அழைக்கவில்லை.
எங்கள் ஊரில் அதற்குப் பெயர் பாராட்டு.

ஒன்று மட்டும்.
பழைய அடுப்புக் கடிகாரங்கள்
கம்பியின் துடிப்பை எண்ணித்தான் மணி சொல்கின்றன.
அன்றிரவு தீவு முழுக்க அவை
ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு
பின்தங்கிவிட்டன,
ஸ்வைனுர் வீட்டிலும்.

விடியுமுன், காற்று சற்றே அடங்கியபோது
50.01-ல் வைத்தேன்,
எட்டு நிமிடம் இருபது நொடி.
கொட்டகையில் அது
துளி வேகமாகச் சுழன்றது.
யாருக்கும் தெரியாமல் எடுத்த நேரத்தை
யாருக்கும் தெரியாமல்
அடுப்படிகளில் திரும்ப வைத்துவிட்டு
ரொட்டியைத் தின்றேன்.
காய்ந்திருந்தது.