எல்லை அளக்கப் போனவன்

வெசூவியஸின் தெற்குச் சரிவு, செப்டம்பர் கடைசி.
நாடாவின் ஒரு முனை என்னிடம்,
மறுமுனையைப் பிடிக்க ஆளில்லை.
நுன்சியாத்தாவும் அனியெல்லோவும் பேசிப்
பதினோரு வருஷமாகிறது.
நடுவே எரிமலைக் கல் அடுக்கிய சுவர், இடுப்புயரம்.

அவள் பக்கம் புறாக்கால்:
பழுக்கையில் காம்பு சிவந்து மூன்றாய்ப் பிரியும்,
கறுப்புக் கொத்தை அந்த ஒற்றைக் கால் தாங்கும்.
அவன் பக்கம் நரிவால். வெள்ளைத் திராட்சை,
கொத்தின் நுனி ஓடத் தயாராய் வளைந்திருக்கும்.

நரிவால்களுக்கு நடுவில்
ஒரே ஒரு புறாக்கால்.
திருட்டு, என்றாள்.
தானாய் வந்தது, என்றான்.

மண்வெட்டி கேட்டு வாங்கினேன்.
முழங்கைவரை கைவிடும் கருமணல்.
வேர் தின்னும் பூச்சிக்கு இதில் வழி தெரியாது,
அதனால் ஒட்டுக்கட்டும் வேலையில்லை இங்கே.
நின்ற கொடியை வளைத்துப் புதைத்தால்
அடுத்த செடி.

சுவருக்கடியில்
என் கட்டைவிரல் தடிமனில்
ஒரு கொடி போய்க்கொண்டிருந்தது,
யாரும் அறுக்காமல்.

சுவர் எப்போது கட்டியது?
பதினோரு வருஷம், என்றான்
செருப்பைப் பார்த்தபடி.
கொடி?
அவள் வருஷம் சொல்லவில்லை.
"கத்தெல்லோ இருந்தபோது" என்றாள்.
அவன் தம்பி. அவள் கணவன்.

அவள் இடுப்பில் கத்தரி இருந்தது.
குழியை நானே மூடினேன்,
மெதுவாகத்தான், யாராவது தடுக்கட்டும் என்று.

நாடாவைச் சுருட்டும்போது
சுவர்மேல் சாய்ந்து, கேட்காமல்,
அந்தப் பக்கத்துப் புறாக்காலில் ஒரு கொத்து அறுத்து
என் கையில் வைத்தாள்.
அவன் கஷ்கொட்டைக் கம்பொன்றை
ஆட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான்,
ஆடாத கம்பை.

படிவத்தில் 'எல்லை தெளிவா?' என்ற கட்டம்
இன்னும் காலி.
விதையைத் துப்ப
ஜன்னலை இறக்கினேன்.