மேம்பாடுகளுக்கான நட்டஈடு

ஒப்பந்தத்தை எழுதியவன் நான்தான்.
ஒட்டுசுட்டான் சந்தியில், போட்டோக்கொப்பிக் கடையில்.
பயிற்றுநர் ஒப்பந்தம் எப்படி இருக்கும் என்று
கடைப் பெடியனுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.
அவனுடைய கணினியில் கிடந்தது ஒரு வயல் குத்தகை.
'குத்தகைக்காரர்' வந்த இடமெல்லாம் 'பயிற்றுநர்' போட்டோம்.
'காணி' வந்த இடமெல்லாம் 'அணி'.
ஓரெழுத்து வேலை.
'உரிமையாளர்' என்பதை அப்படியே விட்டோம்.

தலைவர் வாசிக்காமல் ஒப்பமிட்டார்.
லெம்பேட் மாஸ்ரர் இரண்டுதரம் வாசித்து,
சிரிப்பை மீசைக்குள் வைத்துக்கொண்டு ஒப்பமிட்டார்.

பிறகு ஐந்து ஆட்டம் தோற்றோம்.
ஐந்தாவதில் ஆறு கோல்.
சம்பளக் காசு அனுப்புகிறவர்
ரொறன்ரோவிலிருந்து நேரலையில் பார்த்துக்கொண்டிருந்தார்.
விடியப்புறம் ஒரு குரற்செய்தி, நாலு செக்கன்:
"ஆளை நிப்பாட்டுங்கோ."
அந்தக் கடிதத்தையும் நான்தான் அடித்தேன்.
காரணம் என்ற இடத்தில்
குத்தகையில் இருந்ததையே விட்டேன்:
விளைச்சல் போதாமை.

சனிக்கிழமை மத்தியஸ்த சபை.
பாடசாலை மண்டபம், ஆண்டு நான்கின் சின்னக் கதிரைகள்.
அரிசி ஆலைக்காரரான எங்கள் தலைவர்
ஒருபக்கமாய்ச் சரிந்து இருந்தார்.
மூன்று மாதச் சம்பளம் கேட்பார் என்று
நாங்கள் ஆயத்தமாய் வந்திருந்தோம்.
மாஸ்ரர் ஒன்பதாம் பிரிவை வாசித்தார்:
'பயிற்றுநர் அணியில் செய்த நிரந்தர மேம்பாடுகளுக்கு
உரிமையாளர் நட்டஈடு செலுத்துவார்.'
கிணறு, வேலி, தென்னம்பிள்ளை என்று
பக்கத்தில் இருந்ததை நான் அழிக்க மறந்திருந்தேன்.

"கிணறு வெட்டேல்லை," என்றார்.
"யசிந்தனுக்கு வலக்காலும் இருக்கெண்டு காட்டினனான்.
துவாரகன் பந்து வந்தாக் கண்ணை மூடுவான்.
இப்ப மூடுறேல்லை.
அந்த ஆறு கோலையும் முழிச்சுப் பாத்துத்தான் விட்டவன்.
பின்னுக்கு நிக்கிற நாலு பேரும்
பேர் சொல்லிக் கூப்பிடுவினம்.
நான் வரேக்க கூப்பிடமாட்டினம்.
ரெண்டு வீட்டுக்கு எல்லைப் பிரச்சினை."

"அதுவும் எங்களிட்டத்தான் கிடக்கு,"
என்றார் சபைத் தலைவர், இளைப்பாறிய தபாலதிபர்,
கோப்புக் கட்டைத் தட்டியபடி.

எங்கள் தலைவர் பத்தாம் பிரிவைக் கண்டுபிடித்தார்.
விரலை வைத்து உரத்து வாசித்தார்:
'அணியை, பொறுப்பேற்ற நிலையிலேயே
திருப்பி ஒப்படைக்க வேண்டும்.'
வசனம் முடியும்போது அவருடைய குரல்
இறங்கிப்போயிருந்தது.
அந்த மண்டபத்தில் இருந்த எவருக்கும்
ஒரு காணியும் அப்படித் திரும்பி வந்ததில்லை.
யாரோ மின்விசிறியைக் கூட்டினார்கள்.

தவணை பன்னிரண்டாம் திகதிக்குப் போனது.
அதற்குள் மேம்பாடுகளின் பட்டியலை
எழுதி வரவேண்டியது செயலாளர்.
அதாவது நான்.
கண், இரண்டு. வலக்கால், ஒன்று.
விலைக்கட்டத்தில் பேனை நிற்கிறது.

பின்னேரம் மைதானத்தடியால் வந்தேன்.
கோல்கம்பத்தில் வலை இல்லை.
மாஸ்ரரின் சொந்தக் காசில் வாங்கியது,
பதினோராம் பிரிவின்படி கழற்றிக்கொண்டு போயிருந்தார்.
பந்து நேரே ஊடறுத்துப் போய்
முதிரை மரத்தில் பட்டு நின்றது.
கோலா, வெளியாலா என்று பெரிய சண்டை.
துவாரகன் தான் கண்டதாகச் சத்தியம் பண்ணினான்.
பின்வரிசைக்காரர் ஒருவரையொருவர்
பேர் சொல்லிச் சொல்லி ஏசினார்கள்.