கைமாற்று

யூட்லாந்தின் மேற்கே, மரங்களெல்லாம்
ஒரே பக்கம் சாய்ந்து வளரும் ஊரில்
நூற்று நாற்பது வீடுகளுக்குத் தண்ணீர் தரும்
சிறு செங்கல் கட்டிடம். சாவி தோர்கிலிடம்.
ஐஸ் பெட்டியிலிருந்து நான் எடுத்த
பாக்டீரியாக் குடுவையைப் பார்த்து
"இதுவா?" என்றார். "மோர் மாதிரி இருக்கிறது."

இரண்டாம் கிணற்றில் களைக்கொல்லியின் எச்சம்.
ஒரு நீச்சல் குளத்துக்கு ஒரு சிட்டிகை.
அதற்கே கிணற்றை மூடச் சொல்லும் சட்டம்.

கேட்காமலே சொன்னார்:
எழுபத்திரண்டில் எனக்குப் பத்து வயது.
முற்றத்துச் சரளையில் ஒரு புல் தலைகாட்டினாலும்
அக்கம்பக்கம் அப்பாவை ஒரு மாதிரி பார்க்கும்.
வசந்தம் வந்ததும்
தகர டப்பாவில் குருணை மருந்து.
தீனி வீசுவதுபோல் வீசுவேன்.
கோழிகள் ஓடி வரும். விரட்டுவேன்.

கடையில் அது விற்காமல் போய் எத்தனையோ ஆண்டு.
முற்றத்திலிருந்து மணல் வழியே
இன்னும் கீழே நடந்துகொண்டிருக்கிறது
அந்த வசந்தம்.

என் பக்கத்துக் கதையை நான் சொன்னேன்.
இந்த நஞ்சை மண் முதன்முதலாகப் பார்த்து
ஓர் ஆயுள்கூட ஆகவில்லை.
தின்னத் தெரிந்தது பிறந்து வரவில்லை,
சேர்ந்து வந்தது.
எங்கோ ஓர் ஈரத்தில் ஒன்றிடம் ஒரு மரபணு:
நஞ்சின் வாலை மட்டும் நறுக்கும்.
வேறொன்றிடம் வேறொன்று:
குளோரினைப் பிய்த்துத் துப்பும்.
நடுவே சொந்த ஊர் இல்லாத ஒரு துண்டு,
இருந்த இடத்தில் இராமல் குதிக்கும்,
குதிக்கும்போது
பக்கத்தில் நின்றதையும் இழுத்துக்கொண்டு போகும்.
அப்படித் தாவித் தாவிச் சேர்த்ததெல்லாம்
ஒரு வளையத்தில். பிளாஸ்மிட்.
அது தாயிடமிருந்து மகளுக்கு என்று
காத்திருப்பதில்லை.
உரசிக்கொண்டு நின்றது எதுவோ அதற்கு,
வேற்று இனமானாலும்.
வட்டி இல்லை, பத்திரம் இல்லை,
சாட்சிக் கையெழுத்தும் இல்லை.
வெறும் கைமாற்று.

"திருப்பிக் கொடுக்குமா?" என்றார் தோர்கில்.
"தொலைக்கும்" என்றேன்,
சிரிப்பதற்காக.

மணல் வடிகட்டியில் ஊற்றினோம்.
நான்காம் நாள் பூஜ்யம்.
பதினோராம் நாளும்.
தண்ணீர்ச் சங்கத் தலைவி ஆல்ஃபில்ட்
கேக் சுட்டுக்கொண்டு வந்துவிட்டார்.
கொஞ்சம் பொறுங்கள் என்று சொல்ல நினைத்தேன்,
இரண்டு துண்டு தின்றேன்.
பத்தொன்பதாம் நாள் எண் ஏறியது.
இருபத்தாறில், ஊற்றியதும் ஒன்று, ஊற்றாததும் ஒன்று.

செத்துப்போயிருக்கும்.
மணலைக் கழுவித் தட்டில் இட்டேன்.
சாகவில்லை. தட்டு நிறைய முளைத்தன.
வளையம் மட்டும் இல்லை.
ஜெல்லில் அந்தக் கோடு
ஒளிர வேண்டிய இடம் இருட்டு.

கிணற்று நீரில் நஞ்சு அவ்வளவு கொஞ்சம்,
அதைத் தின்று வயிறு நிறையாது.
பசித்தவன் முதலில் இறக்கி வைப்பது
தனக்குச் சோறு போடாத மூட்டையை.
குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

பழைய முற்றத்துக்குக் கூட்டிப்போனார் தோர்கில்.
இப்போது அது கோபன்ஹேகன் தம்பதி ஒருவரின்
விடுமுறை வீடு. களை பிடுங்க ஆளில்லை.
சரளையெங்கும் டேன்டேலியன்,
மிதிக்காமல் நடக்க முடியாது.
எட்டு இடத்தில் தோண்டி
எட்டுக் குழாயில் மண் எடுத்தேன்.

ஏழில் ஒன்றுமில்லை.
எட்டாவதில் கோடு.
நாங்கள் ஊற்றாத மண்ணில்,
நாங்கள் வளர்க்காத ஓர் இனத்தில்,
பெயர்கூட இன்னும் வைக்காத ஒன்றில்.
யாரிடம் வாங்கினாய் என்று அதைக் கேட்க முடியாது.

தொலைபேசியில் சொன்னபோது
தோர்கில் வெகுநேரம் பேசவில்லை.
"எந்தக் குழி?"
"கோழிக்கூட்டின் ஓரம்."
"அங்கேதான் ஒருநாள்
டப்பா கைதவறிக் கவிழ்ந்தது" என்றார்.
"முழு டப்பா. காலால் மண்ணைத் தள்ளி மூடினேன்.
அப்பாவிடம் சொல்லவே இல்லை."

கிணறு இன்னும் மூடியே கிடக்கிறது.
எட்டாம் குழாய் என் மேசையில்.