வேலிப் பொட்டு

கொக்குவில் சந்தி, டயர்க்கடைக்கு மேல் அறை.
ஆறு மடிக்கணினி, ஒரு காற்றாடி, வாளிக்குள் ரோல்ஸ்.

விதுஷாவின் விளையாட்டில்
மூன்றாம் கட்டத்துத் தகரவேலி,
இடது மூலையில் ஓட்டை.
முட்டினால் ஆள் ஊடுருவி
அவள் இன்னும் வரையாத வளவுக்குள் விழும்.
பிழை இலக்கம் நாற்பத்தொன்று.
வெள்ளி இரவு முழுக்க இருந்து அடைத்தாள்.

ஞாயிறு, பாசையூர் ஜெனிற்றன்
ஹெல்மெற் கழற்றாமலே முட்டினான்,
திரும்பவும் முட்டினான்.
"அக்கா, பொட்டை ஏன் அடைச்சனீங்கள்?"

"அங்கால ஒண்டுமில்லையடா. வெறும் சாம்பல்."

"தெரியும்.
நானும் மானிப்பாய் ஆக்களும்
இரவில அங்கதான் சந்திக்கிறனாங்கள்."

திரைகளிலிருந்து தலைகள் நிமிர்ந்தன.
ஒருத்தி, தானும் என்றாள்.

விதுஷா அடைத்ததைப் பிரித்தாள்.
சாம்பலுக்குள் என்ன வைக்க என்று கேட்டாள்.
ஒண்டும் வேண்டாம் என்றார்கள்.
பிறகு ஒருவன்:
இருக்க ஒரு வாங்கு.