வால்காவில் ஒரு சராசரி

ஊர் நடுவே எல்லை.
ஓர் ஓடை, அதன்மேல் ஒரு மரப்பாலம்.
மார்ச் கடைசியில் உர்மஸ்
இரண்டு பெட்டியும் சதுரங்கக் கடிகாரமுமாக
அந்தக் கரைக்கு, லாட்வியாவுக்குக் குடிபோனான்.
வாடகை அங்கே குறைவு.

எஸ்டோனியாவின் பட்டியலைப் பார்த்துக்கொள்பவள் நான்.
அவன் பெயருக்கு நேரே கொடியை மாற்றினேன்.
ஆயிரத்து எழுநூற்றுப் பதினெட்டுப் புள்ளி:
எங்கள் சராசரிக்குக் கொஞ்சம் கீழே,
அவர்கள் சராசரிக்குக் கொஞ்சம் மேலே.
அவன் போனதில்
இரண்டு நாடுகளும் ஏறிவிட்டன.
தசமப் புள்ளிக்குப் பின்னால்தான். ஆனாலும் ஏற்றம்.
இரண்டு முறை கூட்டிப் பார்த்தேன்.
ஒரு குதிரைகூட எங்கேயும்
முன்னைவிட நன்றாகத் தாவவில்லை.

"ரெண்டு பேருக்குமே நல்லது" என்று
எங்கள் விவாகரத்தின்போது அவன் அக்கா ஹெல்யு சொன்னதும்
இந்தக் கணக்குத்தான் போலிருக்கிறது.

செவ்வாய்க்கிழமை நூலகத்துக்கு வருகிறான்,
காலணிச் சேற்றை வாசலில் தட்டிவிட்டு.
அதே மேசை. கறுப்பு விழுந்தால் அதே முனகல்.
நாற்பதாவது நகர்த்தலில்
யானையைக் கோட்டைவிடுகிறான், வழக்கம்போல.
எந்தக் கொடிக்கு அந்த நட்டம் என்று
நான்தான் எழுதிக்கொள்ள வேண்டும்.

வீட்டில் சூப் சூடாகும்வரை
இன்னொரு கணக்கும் போட்டேன்.
ஓர் ஆள் இருக்கிற வீடு.
ஒன்றின் சராசரி ஒன்றேதான்.
ஏற்ற ஆளில்லை,
இறக்கவும்.