லிஃப்ட் ஓடாத நேரம்

படுக்கையறை எக்ஸ்டென்ஷனைப் பிடுங்கினேன்.
சுருண்ட வயரை நிமிர்த்தினேன்.
கால் வெயிட்டிங்கை நிறுத்தச் சொல்லி
டெலிபோன் ஆபீசுக்கு இரண்டு கடுதாசி.
நானூற்றுப் பத்தில் கிடந்த பிங்
முந்நூற்று முப்பதுக்கு இறங்கியது.
அப்போதும் சுடுவதற்குள் செத்துக்கொண்டுதான் இருந்தேன்.

பிறகுதான் பிடிபட்டது:
லிஃப்ட் ஏறும்போதெல்லாம்
லைனில் ஒரு கரகரப்பு.

செம்பூரில் எங்கள் கட்டடத்தில்
கடைசியாக ஏறுபவர் நாலாம் மாடி தாண்டேகர்.
செகண்ட் ஷிஃப்ட் முடிந்து, ஒன்று பத்துக்கு.
இரும்புக் கதவு இருமுறை அறைபடும்.
அதற்கப்புறம்தான் மோடத்தை எழுப்புவேன்.

நேற்று
ஒன்றரை ஆகியும் சத்தமில்லை.
பொறுக்காமல் டயல் செய்தேன்.
இருநூற்று நாற்பது!
இதுவரை பார்க்காத எண்.
எதிரி மூலையில் நிற்கிறான், அசையாமல்.
நான் ஹெட்ஃபோனை
ஒரு காதிலிருந்து
கழற்றி வைத்திருக்கிறேன்.